கேன்சல்ட் என்று நான் எழுதிய பக்கம்

எஸ்தர்,

கடிதத்தின் தலையில் தோத்திரம் எழுதித்தான் எனக்குப் பழக்கம். இன்றைக்கு மூன்று தாளில் எழுதி மூன்றையும் கிழித்துப் போட்டேன். இரண்டு வருஷமாகப் பொய்யை மென்றுகொண்டிருக்கிற வாய்க்கு அந்த வார்த்தை வரவில்லை. அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். உன் பேரில், உன் படத்தோடு, இன்டர்நெட்டில் ஒரு பக்கம் இருக்கிறது. அதைத் திறந்தவன் நான். மூன்று வருஷமாக அது அங்கே இருக்கிறது. நாலு மாதமாக அதை அழிக்க நாயாய் அலைந்துவிட்டேன், அழிய மாட்டேன் என்கிறது. நீயே கையெழுத்துப் போட்டுக் கேட்டால்தான் எடுப்பார்களாம். உன் நிச்சயதார்த்தத்துக்கு இன்னும் பதினெட்டே நாள்தான் இருக்கிறது. எனக்குச் சோறு இறங்கவில்லை அம்மா.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம் என்று நினைப்பாய். இரண்டு தடவை சென்னைக்குப் போன் போட்டேன். நீ வார்டிலிருந்து வந்து எடுத்து, "சொல்லுங்கப்பா" என்றாய். அதற்குப் பிறகு நான் சொன்னதெல்லாம் அரிசி விலையும் அம்மாவின் முட்டி வலியும்தான். நீயும் "ம்", "ம்" என்று கேட்டுக்கொண்டு வைத்துவிட்டாய். நேரில் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன், ரிஜிஸ்டர் தபாலில் உன் ஹாஸ்டலுக்கே அனுப்புகிறேன். அம்மாவுக்கு இதில் ஒரு எழுத்தும் தெரியாது. கோபம் வரும், வரட்டும். கடைசி வரைக்கும் படித்துவிட்டுக் கோபப்படு.

நீ நர்சிங் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் தோல் கம்பெனியில் ஷிப்பிங் செக்‌ஷனுக்கு இன்டர்நெட் வந்தது. வெளிநாட்டுக்காரர்களோடு கடிதப் போக்குவரத்துக்காக வந்தது. ஆனால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் அதில் வேறு வேலை பார்த்தோம். பேர் போட்டு, படம் போட்டு, சிநேகிதம் பிடிக்கிற சைட் ஒன்று அப்போது ஊரெல்லாம் பேச்சாக இருந்தது. என் பக்கத்து சீட்டு சேகரைத் தெரியுமே, அவன் அக்கா மகளுக்கு அதில் பார்த்துத்தான் அமெரிக்கா வரன் வந்தது என்று ஒரு நாள் ஸ்வீட் பாக்ஸைத் திறந்து நீட்டினான். "நீயும் எஸ்தருக்கு ஒண்ணு போட்டு வை சார், இன்னா நஷ்டம்? காசா கேக்கறான்?" என்றான். அன்றைக்கு மத்தியானமே போட்டேன். உன்னிடம் கேட்க வேண்டும் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. கிறிஸ்துமஸுக்கு எடுத்த நீலப் புடவைப் படத்தை ஸ்கேன் எடுத்து ஏற்றினேன். உயரம், நிறம், படிப்பு, சபை, ஊர் எல்லாம் வரிசையாக அடித்தேன். பதினேழு வருஷம் பேக்கிங் லிஸ்ட் அடித்த கை அது. சரக்கு விவரம் எழுதுகிற மாதிரியே பெற்ற மகளை எழுதிவிட்டது. இ-மெயில் கேட்டார்கள். எனக்கென்று தனியாக ஏது? கம்பெனியின் ஷிப்பிங் செக்‌ஷன் மெயிலையே கொடுத்தேன்.

ஒரு வாரத்தில் ஆட்கள் எழுத ஆரம்பித்தார்கள். வரன் இல்லை. ஊர் பேர் தெரியாத பொறுக்கிகள். முதல் ரெண்டு பேர் "ஹாய்" என்றார்கள். மூன்றாவது ஆள் எழுதியது அசிங்கம். அதை இங்கே எழுத மாட்டேன். சேகர் எட்டிப் பார்ப்பதற்குள் மூடினேன். மறுநாள் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் அதை ஒழிக்க உட்கார்ந்தேன். எங்கே தேடியும் அழிக்கிற பட்டன் கண்ணில் படவில்லை. திருத்துகிற பட்டன் மட்டும் இருந்தது. இப்போதுதான் எஸ்தர், உங்கப்பன் செய்த பைத்தியக்காரத்தனத்தைச் சொல்லப் போகிறேன், சிரித்தாலும் சரி.

எங்கள் செக்‌ஷனில் ஒரு இன்வாய்ஸ் தப்பாகிவிட்டால் அதைக் கிழிக்கக் கூடாது. கிழித்தால் அந்த நம்பர் எங்கே என்று கேள்வி வரும். குறுக்கே இரண்டு கோடு இழுத்து, நடுவில் பெரிய எழுத்தில் கேன்சல்ட் என்று எழுதி, ஃபைலில் வைத்துவிட வேண்டும். அத்தோடு அந்தக் காகிதம் செத்தது என்று அர்த்தம். அப்புறம் எவனும் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அதுதான். அதையே இங்கேயும் செய்தேன். உன் பேருக்கு முன்னால் பெரிய எழுத்தில் கேன்சல்ட் என்று அடித்தேன். உயரம் இருந்த இடத்தில் கேன்சல்ட். படிப்பு, கேன்சல்ட். உன்னைப் பற்றி எழுதுகிற இடத்தில், இது கேன்சல் செய்யப்பட்டது, யாரும் பொருட்படுத்த வேண்டாம் என்று இங்கிலீஷில் அடித்தேன். எவனும் உள்ளே நுழையக் கூடாது என்று பாஸ்வேர்டையும் நீளமாக மாற்றி, ஆபீஸ் டைரியில் குறித்து வைத்தேன். படத்தை எடுக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. வேலையைச் சுத்தமாக முடித்துவிட்டதாக நினைத்து, டீ குடிக்கப் போனேன்.

அதற்கடுத்த வருஷம் குடியாத்தத்து வரன் வந்தது. சாமுவேல். உனக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? ஸ்கூல் வாத்தியார், சபையில் பாடுகிற பிள்ளை, பேசும்போது எதிராளி முடிக்கும் வரை காத்திருந்து பேசுவான். பெண் பார்த்துவிட்டுப் போன பிறகு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தவறாமல் நம் வீட்டுப் போன் அடிக்கும். நீ அதற்காகவே வேலூர் ஹாஸ்டலிலிருந்து பஸ் பிடித்து வருவாய். ஒயரை இழுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குள் போய், கதவு முழுசாகச் சாத்தாமல், பாதி சாத்திப் பேசுவாய். ஒரு தடவை நீ சிரித்த சிரிப்பில் அம்மா பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். ஏழு ஞாயிற்றுக்கிழமை. பிறகு ஒரு நாள் நான் வீட்டுக்கு வந்து, "அவங்க வேணாம்னுட்டாங்க" என்றேன். அதுதான் உனக்குத் தெரிந்தது.

அவர்கள் வேண்டாம் என்று சொல்லவே இல்லை எஸ்தர்.

அவனுடைய தாய்மாமன் ஒரு நாள் மத்தியானம் கம்பெனி கேட்டுக்கு வந்தார். சாப்பாட்டு மணி அடித்து ஆட்கள் வெளியே வருகிற நேரம். அவர் கையில் ஒரு பிரிண்ட் அவுட். நீலப் புடவையில் நீ. அதன் மேலே பெரிய எழுத்தில் அந்த வார்த்தை. மனிதர் மரியாதையாகத்தான் கேட்டார். "தப்பா நெனச்சிக்காதீங்க சார். எங்க பையன் ஒருத்தன் நெட்ல பாத்து எடுத்துக் குடுத்தான். இதுல இன்னா கேன்சல்னு போட்டிருக்கு? இதுக்கு முன்னாடி எதுனா பேசி நின்னு போச்சா? ஒரு வார்த்த கேட்டுட்டா பேஜார் இல்ல பாருங்க, அதான்." சேகர் பின்னால் நின்றான். கேட்டில் இருக்கிற வாட்ச்மேன் நின்றான். "நான்தான் சார் டைப் அடிச்சேன், தெரியாம அடிச்சிட்டேன்" என்று சொல்லியிருந்தால் அவர் சிரித்துவிட்டுப் போயிருப்பார். சத்தியமாகச் சிரித்திருப்பார். ஆனால் மகளை நெட்டில் போட்டு வரன் தேடியவன் நான் என்று அத்தனை பேர் எதிரில் சொல்ல நாக்கு எழவில்லை. வெட்கம் வந்தது, வெட்கத்துக்குப் பின்னாலேயே கோபம் வந்தது. என் கோபம்தான் உனக்குத் தெரியுமே. "என் பொண்ணப் பத்தி கேக்க நீ யாருய்யா? வாத்தியார் மாப்பிள்ளன்னா இன்னா வேணா கேப்பீங்களா? உங்க சம்பந்தமே வேணாம், போய்யா!" என்று கத்தினேன். அந்தத் தாளைப் பிடுங்கிச் சுக்குநூறாகக் கிழித்தேன். பெரியவர் துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்து போனார்.

வீட்டுக்கு வந்து அதைத் திருப்பிப் போட்டுச் சொன்னேன். அம்மா உன்னைப் பிடித்துக்கொண்டாள். "போன்ல இன்னாடி பேசின அந்தப் புள்ளகிட்ட? கல்யாணத்துக்கு அப்புறமும் நைட் டூட்டி போவேன்னு வாய உட்டியா? எதுனா திமிரா சொல்லியிருப்ப" என்று ராத்திரி முழுக்கப் புலம்பினாள். நீ சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். "அப்பா, எதுக்கு வேணாம்னாங்கன்னு கேட்டீங்களா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாய். "கேக்கல. போனா போறாங்க, உடு" என்றேன். நீ அதற்கு மேல் கேட்கவில்லை. நைட் டூட்டி பற்றி அவனிடம் ஏதோ பேசினாய் போலிருக்கிறது. அதுதான் காரணம் என்று உனக்குள்ளேயே தீர்ப்பு எழுதிக்கொண்டாய் என்பது உன் முகத்திலேயே தெரிந்தது. அதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்று நாள் கழித்து, நீ டூட்டியில் இருந்த நேரத்தில் போன் அடித்தது. அவன்தான். "அங்கிள், எஸ்தர்கிட்ட ஒரு நிமிஷம்..." என்றான். "அவளுக்கு இஷ்டம் இல்லப்பா, இனிமே இந்த நம்பருக்குப் போன் பண்ணாத" என்று வைத்துவிட்டேன். இதுவும் நான்தான். படித்துவிட்டாயா? இன்னொரு தடவை படித்துக்கொள். உன்னிடம் ஒரு தப்பும் இல்லை.

நீ சென்னைக்கு வேலை மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனபோது எனக்கு ஒரு பழைய விஷயம் ஞாபகத்துக்கு வந்து தூக்கத்தைக் கெடுத்தது. உனக்கு எட்டு வயசு இருக்கும், தொண்ணூற்று மூன்றோ நாலோ. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவசர வேலை என்று கோயிலிலிருந்து நேராக உன்னையும் ஆபீசுக்குக் கூட்டிப் போனேன். கப்பலுக்குப் போக வேண்டிய ஒரிஜினல் காகிதத்தின் மேல் என் கை பட்டு டீ கொட்டிவிட்டது. மேனேஜர் கரீம் பாய் வந்து, "இன்னாபா இது?" என்றார். "பாப்பா தட்டிடுச்சு பாய்" என்றேன். அவர் உன் கன்னத்தைக் கிள்ளி, "கொளந்ததானே, உடு" என்று போய்விட்டார். திரும்பி வரும்போது உனக்குச் சமோசா வாங்கிக் கொடுத்தேன். அதைக் கடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, "நான் தட்டலயேப்பா" என்றாய். "தெரியும். நீன்னா யாரும் திட்ட மாட்டாங்க, நான்னா திட்டுவாங்க. சும்மா இரு" என்றேன். தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாய். உனக்கு இது ஞாபகம் இருக்காது. அடுத்தவன் பழியை வாங்கிக்கொண்டு தலையாட்டுகிற பழக்கத்தை உனக்குச் சமோசா கொடுத்துக் கற்றுக்கொடுத்தவன் நான். அதை விட்டுவிடு என்று சொல்ல வேண்டியவனும் நான்தான். நீ செய்யாததை உன் தலையில் யார் கட்டினாலும், அப்பனே கட்டினாலும், ஏன் என்று கேள். பதில் வரும்வரை விடாதே.

இப்போது ஜீவன். நல்ல பையன், கம்ப்யூட்டர் கம்பெனி உத்தியோகம், பெரிய சம்பளம். எனக்கு ஒரு குறையும் சொல்லத் தெரியவில்லை. உன்னைக் கேட்டோம். "உங்க இஷ்டம்ப்பா" என்றாய். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். பேச்சு முடிந்த அன்று அவன் போனில் சிரித்துக்கொண்டே, "யாரா இருந்தாலும் நான் ஒரு வாட்டி நெட்ல தேடிப் பாத்துருவேன் அங்கிள், எஸ்தரத்தான் இன்னும் தேடல" என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். மறுநாளே பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருக்கிற ப்ரவுசிங் சென்டருக்குப் போனேன். பர்வீன் என்று ஒரு பெண் நடத்துகிறாள், உன் வயசு இருக்கும். விஷயத்தை அரைகுறையாகச் சொன்னேன். பக்கத்தைத் திறந்தாள். இருந்தது எஸ்தர், அப்படியே இருந்தது. நீலப் புடவை, பெரிய எழுத்து, எல்லாம். "நான்தான் கேன்சல் பண்ணிட்டேனேம்மா" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சார், கேன்சல்னு நீங்க எழுதித்தானே வெச்சீங்க? அந்த சைட்டுக்கு அது வெறும் பேரு சார். உங்க பொண்ணு பேரே கேன்சல்ட் எஸ்தர்னு அது நெனச்சிக்கினு இருக்கு. டிலீட் வேற, இது வேற" என்றாள்.

டிலீட் செய்ய உள்ளே நுழைய வேண்டும். நுழைய பாஸ்வேர்டு வேண்டும். பாஸ்வேர்டு டைரியில், டைரி கம்பெனியில், கம்பெனி மூடி ஒன்றரை வருஷம். மறந்துவிட்டது என்று ஒரு பட்டன் இருக்கிறதாம், அழுத்தினால் மெயிலுக்குக் கடிதம் வருமாம். எந்த மெயிலுக்கு? அதே கம்பெனி மெயிலுக்கு. அந்தக் கடிதம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் வந்து உட்கார்ந்திருக்கும் என்று நம்பி, பூட்டிக் கிடக்கிற கம்பெனிக்குப் போய் வாட்ச்மேனிடம் கெஞ்சி உள்ளே போனேன். மேசைகூட இல்லை. சுவரில் ஒயர் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. அங்கேயிருந்து கரீம் பாய் வீட்டுக்கு ஓடினேன். அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி யாருக்குப் போனது என்று கேட்டேன். பாவம், சர்க்கரையில் கால் வீங்கிக் கட்டிலில் கிடக்கிறார். "அரே, உனக்கு இன்னா பைத்தியமா? கடுதாசி பொட்டிக்குள்ள குந்திக்கினு இருக்குமா? அந்த மெயில் பேருக்கு வருஷா வருஷம் பணம் கட்டணும்பா. கட்டல. போச்சு. இனிமே அந்த அட்ரஸே கெடயாது" என்றார். கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டேன். அவர் பதறிப்போய் மருமகளைக் கூப்பிட்டுத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

அந்த சைட்காரர்களுக்கே எழுதினேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ், வெளிநாட்டு பார்ட்டிக்கு எழுதுகிற இங்கிலீஷ்தான். மேற்படி பொருள் தொடர்பாக, தயவுகூர்ந்து என்று ஆரம்பித்து, முதல் நினைவூட்டல், இரண்டாம் நினைவூட்டல் என்று பதினொன்று எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிஷத்தில் பதில் வந்துவிடும். மெஷின் அனுப்புகிற பதில். உங்கள் கணக்கில் நுழைந்து நீக்கு என்பதை அழுத்தவும், இந்தப் பதில் உங்களுக்கு உதவியதா? "நுழைய முடிஞ்சா நான் எதுக்குடா உனக்கு எழுதறேன்?" என்று ஒரு நாள் கத்திவிட்டேன். "கத்தாதீங்க சார், கஸ்டமருங்க எழுந்து போறாங்க" என்று பர்வீன் என்னை வெளியே பெஞ்சில் உட்கார வைத்தாள். நிறைய பேர் புகார் கொடுத்தால் எடுப்பார்கள் என்று யாரோ சொன்னார்கள். சேகரையும் பழைய ஆபீஸ் ஆட்களையும் கெஞ்சி, ஆளுக்கொரு புகார் அடிக்க வைத்தேன். விதிமீறல் எதுவும் இல்லை என்று வந்தது. என் மகள் மானம் போகிறது, விதிமீறல் இல்லையாம்! பதனிடாத தோல் என்றால்கூட நாலு நாளில் அழுகிப் போகும். இது அழுகவும் மாட்டேன் என்கிறது, கிழியவும் மாட்டேன் என்கிறது. இப்போது வேலை பார்க்கிற ஷூ கம்பெனி கேட்டில் உட்கார்ந்து பாஸ் எழுதும்போது யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால்கூட, அதைப் பார்த்துவிட்டுத்தான் சிரிக்கிறான் என்று நினைத்துக்கொள்கிறேன். அம்மா எனக்கு பிபி என்கிறாள். சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

கடைசியில் பர்வீன்தான் ஒரு ஃபாரத்தைத் தேடி எடுத்தாள். அந்தப் பக்கத்தில் இருக்கிற ஆள் நான்தான், இதை நான் திறக்கவில்லை, எடுத்துவிடுங்கள் என்று சம்பந்தப்பட்ட ஆளே கையெழுத்துப் போட்டு, அடையாள அட்டையின் ஸ்கேனோடு அனுப்ப வேண்டும். "பொண்ணே கேட்டாதான் தூக்குவாங்க சார். அக்காகிட்ட சொல்லிடுங்களேன், இன்னா ஆயிடப் போவுது?" என்றாள். நான் சொல்லவில்லை. உன் ஓட்டர் ஐடி ஜெராக்ஸ் பீரோவில் இருந்தது. உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் இரண்டு நாள் எழுதிப் பழகினேன். கடைசி எழுத்தை நீ மேலே இழுத்துச் சுழிப்பாயே, அது மட்டும் கொஞ்சம் சிரமமாக இருந்தது, பிறகு வந்துவிட்டது. போன செவ்வாய்க்கிழமை ஃபாரத்தில் உன் கையெழுத்தைப் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். பர்வீன் வாங்கிப் பார்த்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஸ்கேன் எடுத்தாள். பக்கத்தின் முகவரியைச் சரியாகக் குறிக்க வேண்டும் என்று அதை ஒரு தரம் திறந்தாள். மற்றவர்கள் எழுதியிருந்ததெல்லாம் வரிசையாக இறங்கிக்கொண்டே போயிற்று. அந்த முதல் மூன்று பேருக்குப் பிறகு வந்த குப்பையை நான் இதுவரை கண் கொண்டு பார்த்ததில்லை. அவள் ஓரிடத்தில் நிறுத்தினாள். "சார், இது தமிழ்ல இருக்கு. இது அந்த மாதிரி ஆளு இல்ல போல" என்றாள்.

சாமுவேல் எழுதியிருக்கிறான், உனக்கு. அந்தப் பக்கம் உன்னுடையது, நீ அதைப் பார்ப்பாய் என்று நம்பி எழுதியிருக்கிறான். மூன்று தடவை. முதலாவது, அவனுடைய மாமா என்னிடம் வந்து போன அதே வாரம். "எஸ்தர், மாமா போய்க் கேட்டது தப்பு. எனக்கு எதையும் கேட்க வேண்டாம். கேன்சல் என்று எது இருந்தாலும் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறேன்." இரண்டாவது, நான் போனை வைத்த மறுநாள். "உங்களுக்கு இஷ்டம் இல்லை என்று அப்பா சொன்னார். நீங்கள் சொல்லியிருந்தால் சரி. ஆனால் நீங்களே ஒரு வார்த்தை எழுதுங்கள். ஆம் என்றாலும், இல்லை என்றாலும், ஒரு வார்த்தை போதும்." மூன்றாவது, எட்டு மாதம் கழித்து. "இன்னும் காத்திருக்கிறேன் என்று சொல்லிக் கஷ்டப்படுத்த எழுதவில்லை. நைட் டூட்டி பற்றி நான் சொன்னது உங்கள் மனசில் நின்றிருக்குமோ என்று தோன்றியது. நான் விளையாட்டுக்குச் சொன்னேன். அதற்கு மன்னிப்புக் கேட்கத்தான்." அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. நீ உன் மேல் பழியைப் போட்டுக்கொண்டு சென்னையில் இருந்தாய். அவன் அவன் மேல் போட்டுக்கொண்டு குடியாத்தத்தில் இருந்திருக்கிறான். நடுவில் நான் ஆம்பூரில் மூன்று வேளை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"அனுப்பட்டுமா சார்?" என்று பர்வீன் கேட்டாள். அழுத்தினால் பத்துப் பதினைந்து நாளில் போய்விடும். பக்கம் போய்விடும், அவன் எழுதியதும் போய்விடும், நான் செய்தது எவனுக்கும் தெரியாமல் போய்விடும். நாலு மாதமாகக் கடவுளிடம் கேட்டது அதுதான். என் வாயிலிருந்து "அனுப்பு" என்று வந்தே விட்டது எஸ்தர், அதை மறைக்க மாட்டேன். அவள் கையை மவுஸ் மேல் வைத்தாள். உடனே அவள் கையைப் பிடித்துவிட்டேன், ஒரு வயசுப் பெண்ணின் கை என்றுகூட யோசிக்காமல். "வேணாம்மா, வேணாம், என் பொண்ணு இன்னும் படிக்கல" என்றேன். பக்கத்து நாற்காலிக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நான் அழுதுகொண்டிருந்தேன். அந்தப் பெண் ஃபாரத்தை நாலாகக் கிழித்து, புதிதாக ஒன்று பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாள். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டாள்.

அந்தப் புதிய ஃபாரத்தை இதோடு வைத்திருக்கிறேன். பக்கத்தின் முகவரியையும் பின்னால் எழுதியிருக்கிறேன். முதல் நாற்பது ஐம்பது வரியை நீ பார்க்க வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு தள்ளிவிடு. சாமுவேலுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று எனக்குத் தெரியாது. குடியாத்தம் பஸ்ஸில் இரண்டு தடவை ஏறி, பள்ளிகொண்டாவிலேயே இறங்கித் திரும்பி வந்தேன். நீ போகச் சொன்னால் போவேன். அந்தப் பெரியவர் காலில் விழச் சொன்னால் விழுவேன். ஜீவன் வீட்டில் நான் போய்ப் பேச வேண்டும் என்றால் பேசுவேன், எது பேச வேண்டும் என்று மட்டும் நீ சொல். இந்த நிச்சயம் நடக்கட்டும் என்றாலும், நிற்கட்டும் என்றாலும், அம்மாவிடம் உண்மையைச் சொல்லப் போகிறவன் நான்தான். அவள் என்னைத் திட்டட்டும். இனி உன் மேல் எதையும் சாய்க்க மாட்டேன்.

மன்னித்துவிடு என்று கேட்டு, அதற்கும் நீ "ம்" என்று சொல்லும்படி செய்ய மாட்டேன். கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலியாக இருக்கிறது. அழிக்க வேண்டும் என்றால் போட்டு அனுப்பு. ஆனால் அதற்கு முன்னால் அவன் எழுதியதைப் படி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பிள்ளை உன்னிடம் ஒரே ஒரு வார்த்தை கேட்டான், அதை உனக்குப் பதிலாக நான் சொல்லிவிட்டேன். ஆமாவோ, இல்லையோ, நீ சொல்லு எஸ்தரு.

அப்பா